கோழிப் பண்ணை கேள்வி – பதில்: பினாங்குக் காற்றிலேயே பாதித் தண்ணீர் இருக்கிறது

இந்த இதழில் முட்டையை அடைவைப்பது, பொரிப்பது, பொரிப்பகம் நடத்துவது பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்துக்கு மட்டும் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: 48 முட்டை பிடிக்கும் இன்குபேட்டர் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். கையேட்டில் சொன்னபடி அடியிலுள்ள இரண்டு தண்ணீர்ப் பள்ளங்களையும் நிரப்பி, ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டேன். வெப்பம் 37.7 டிகிரி. கம்பத்துக் கோழி (நாட்டுக்கோழி) முட்டை 30 வைத்ததில் 9 மட்டுமே பொரிந்தன. மற்றவற்றை உடைத்துப் பார்த்தால், பலவற்றில் குஞ்சு முழுசாக வளர்ந்து செத்துக் கிடக்கிறது. உள்ளே ஈரமாக, கொழகொழவென்று இருக்கிறது. எங்கே தவறு?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தண்ணீரில்தான். அந்தக் கையேடு குளிர்நாட்டு அறையை மனத்தில் வைத்து எழுதியது. நம் ஊரில் வெளிக்காற்று ஏற்கெனவே நீராவியால் கனத்திருக்கிறது. சாதாரண பினாங்குக் காற்றை அப்படியே 37.7 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலேயே ஈரப்பதம் 45 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். முட்டைகளும் நீராவி விடுவதால் நிறைந்த பெட்டியில் அது 50-ஐத் தொடும். முதல் 18 நாளுக்குக் கோழி முட்டை கேட்பதே 45 முதல் 55 வரைதான். நீங்கள் அதற்கு மேல் இரண்டு பள்ளம் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள்.

முட்டை அடையில் இருக்கும்போது ஓட்டின் நுண்துளைகள் வழியே தண்ணீர் வெளியேறியே ஆக வேண்டும். அப்படி வெளியேறிய இடத்தில்தான் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகிறது. 19, 20-ஆம் நாளில் குஞ்சு அலகால் உள்சவ்வைக் கிழித்து, முதல் மூச்சை அந்தக் காற்றறையில்தான் இழுக்கிறது. தண்ணீர் வெளியேறாவிட்டால் காற்றறை சிறுத்திருக்கும், குஞ்சு ஊதிப்போய் ஓட்டுக்குள் திரும்ப இடமின்றி இருக்கும், மூச்சிழுக்கும்போது நீர்தான் உள்ளே போகும். நீங்கள் பார்த்த கொழகொழப்பு அதுதான். ஈரம் குறைந்து செத்த குஞ்சு வேறு மாதிரி இருக்கும்: சிறுத்து, காய்ந்த சவ்வு உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஈரப்பதமானியின் எண்ணை விடத் தராசை நம்புங்கள். முட்டை வைக்கும் நாளில் ஒவ்வொன்றையும் ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைப் பென்சிலால் ஓட்டின் மேலேயே எழுதுங்கள். பேனா, மார்க்கர் வேண்டாம். 18-ஆம் நாளில் ஆரம்ப எடையில் ஏறக்குறைய 12 விழுக்காடு குறைந்திருக்க வேண்டும். 45 கிராம் முட்டை பன்னிரண்டு என்றால் மொத்தம் 540 கிராம். 7-ஆம் நாள் அது 515-ஐ ஒட்டியும், 14-ஆம் நாள் 490-ஐ ஒட்டியும், 18-ஆம் நாள் 475-ஐ ஒட்டியும் வர வேண்டும். 7-ஆம் நாள் 525 என்று காட்டினால் ஈரம் அதிகம். தண்ணீரை எடுத்துவிட்டுக் காற்றுத் துளையை முழுதாகத் திறங்கள். 505 என்றால் காய்கிறது. சிறிய பள்ளத்தில் கொஞ்சம் ஊற்றுங்கள். நடுவில் கூமுட்டையை எடுத்துவிட்டால் அதில் எழுதிய எடையைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. ஏர்கோன் ஓடும் அறையில் வைத்தால் கதை தலைகீழ். ஏர்கோன் காற்றிலுள்ள நீரைப் பிழிந்து வெளியே விடுகிறது. அந்தக் காற்றைச் சூடாக்கினால் ஈரப்பதம் 25 விழுக்காட்டுக்குக்கூட இறங்கும். இரவில் ஏர்கோன், பகலில் திறந்த சன்னல் என்று இருக்கும் படுக்கையறைதான் இதற்கு மிக மோசமான இடம்.

18-ஆம் நாள் முட்டை திருப்புவதை நிறுத்தியதும் ஈரப்பதத்தை 65 முதல் 70-க்கு உயர்த்துங்கள். ஓட்டைக் கொத்தித் திறந்த பிறகு சவ்வு காய்ந்து இறுகாமல் இருக்கத்தான் இது. வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றுங்கள், போதாவிட்டால் ஒரு பஞ்சை நனைத்து வையுங்கள். ஈரத்தை ஏற்றுவதற்காகக் காற்றுத் துளையை மூடிவிடுவது பலர் செய்யும் வேலை. பொரியும் நேரத்தில்தான் குஞ்சுக்கு ஆக்சிஜன் மிக அதிகமாகத் தேவை. மூடினால் கொத்திய துளையோடேயே மூச்சு முட்டிச் சாகும்.

கேள்வி: பொரியாத முட்டைகளை உடைத்துப் பார்க்கச் சொல்கிறீர்கள். உடைத்தால் என்ன தெரியும்? நாற்றம்தான் தெரிகிறது.
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: கையுறை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே உட்காருங்கள். அகன்ற முனையிலிருந்து ஓட்டை உரியுங்கள். கரு எந்த வயதில் நின்றது என்று தெரிந்தால் காரணம் பாதி தெரிந்த மாதிரி.

இருட்டில் டார்ச்சை முட்டையோடு ஒட்டிப் பிடித்து வெளிச்சம் பார்த்தபோது உள்ளே கரு தெரியாமல் தெளிவாக இருந்த முட்டைகளை முதலில் பாருங்கள். மஞ்சள் கருவின் மேல் சிறிய, கெட்டியான, ஓரம் ஒழுங்கற்ற வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தால் அது சேவல் கூடாத முட்டை. அந்தப் புள்ளி அகன்று வளையம் போல இருந்தால் கரு பிடித்து, முதல் இரண்டு மூன்று நாளில் செத்திருக்கிறது. வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எல்லாவற்றையும் ‘சேவல் சரியில்லை’ என்று எழுதிவிட்டு நல்ல சேவலைக் குழம்பு வைத்துவிடுகிறார்கள். கூடாத முட்டை நிறைய இருந்தால்தான் சேவலைப் பார்க்க வேண்டும்: எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல், கால் வீக்கம் இல்லாதது, பாரம் ஏறாதது. சேவலைச் சேர்த்த அன்றே கரு முட்டை வராது, சில நாள் பிடிக்கும். சேவலை எடுத்த பிறகும் பத்து நாளுக்கு மேல் கரு முட்டை வரும். வேறு சேவலின் குஞ்சு வேண்டும் என்றால் மூன்று வாரம் பொறுத்துச் சேகரியுங்கள்.

கரு பிடித்து உடனே செத்தவையும், மூன்று முதல் ஏழு நாளுக்குள் இரத்த வளையமாக நின்றவையும் அதிகமா? முட்டையைச் சூட்டில் வைத்திருந்தீர்கள், அதிக நாள் வைத்திருந்தீர்கள், வண்டியில் குலுங்கியது, அல்லது முதல் நாளில் இன்குபேட்டர் கொதித்தது.

8 முதல் 17-ஆம் நாள் வரை சாவு இயல்பாகவே குறைவு. அங்கே கூடினால் தாய்க்கோழியின் தீனியைச் சந்தேகிக்க வேண்டும். சோறு, மக்காச்சோளம், சமையலறைக் கழிவு மட்டும் தின்னும் கோழி முட்டை இடும். கரு வளர வேண்டிய ரிபோபிளேவின் போன்ற வைட்டமின் அந்த முட்டையில் இருக்காது. உடைத்துப் பார்த்தால் குஞ்சின் இறகு முடிச்சு முடிச்சாகச் சுருண்டிருக்கும், பொரிந்த குஞ்சுக்கும் விரல் உள்ளே மடங்கியிருக்கும். சாப்பாட்டு முட்டைக்கான முட்டைக்கோழித் தீனியும் இதற்குப் போதாது. அடைமுட்டை எடுக்கும் கோழிக்கு இனப்பெருக்கத் தீனி கொடுங்கள். கிடைக்காவிட்டால் சேகரிக்கத் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே குடிநீரில் கோழி வைட்டமின் கலந்து கொடுங்கள்.

தலை குறுகிய முனைப் பக்கம் இருக்கும் குஞ்சு பலவற்றில் தெரிந்தால், முட்டையைத் தலைகீழாக அடுக்கியிருக்கிறீர்கள். நிமிர்த்தி அடுக்கும் தட்டில் குறுகிய முனை கீழே, அகன்ற முனை மேலே. படுக்கவைக்கும் இயந்திரத்தில் இந்தக் கவலை இல்லை. கறுத்து, பச்சை நீரோடு நாறுவது கிருமி. அதை உடைக்கவே வேண்டாம், நெகிழிப் பையில் கட்டி எறியுங்கள். அடையில் இருக்கும்போதே நாற்றம் வந்தால் அன்றே தேடி எடுத்துவிடுங்கள். வெடித்தால் சுற்றியுள்ள முட்டைகள் அத்தனையும் பாழ்.

எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் கருமுட்டையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து போகத்தான் செய்யும். அதுவும் முதல் வாரத்திலும் கடைசி மூன்று நாளிலுமாக இரண்டு குவியலாகப் போகும்.

கேள்வி: எங்களிடம் ஆறு பெட்டைகள்தான். இன்குபேட்டரை நிரப்ப இரண்டு வாரம் சேர்க்க வேண்டியிருக்கிறது. குளிர்பெட்டியில் வைக்கலாமா?
– வாசகர், பாலிக் பூலாவ்

பதில்: சமையலறைக் குளிர்பெட்டி 4 டிகிரி, அந்தக் குளிரில் பல கரு சாகும். வெளியே வைத்தால் 30 டிகிரி, அது அதைவிட நயவஞ்சகமானது. 20 டிகிரிக்குச் சற்று மேல் போனாலே கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, வலுவிழந்து நின்றுவிடும். வேண்டியது 15 முதல் 18 டிகிரி. இதற்கு வைன் பாட்டில் வைக்கும் சிறு குளிர்பெட்டிதான் நம் ஊரில் எளிதான வழி. பழையது வாங்கி 16-இல் வைத்தால் வேலை முடிந்தது. அது இல்லாதவர்கள் ஏர்கோன் அறையில் மூன்று நான்கு நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள். பாதிப் பெட்டியோடு அடைவைப்பது எவ்வளவோ மேல்.

16 டிகிரியில்கூட ஏழு நாள்வரைதான் இழப்பு இல்லாமல் நிற்கும். அதற்கு மேல் நாளுக்கு நாள் பொரிப்பு குறையும், பொரிவதும் தாமதமாகும். இரண்டு வாரம் வைத்தே ஆக வேண்டுமென்றால் அட்டையின் ஒரு பக்கத்தின் அடியில் கட்டை வைத்துச் சாய்த்து, தினமும் பக்கம் மாற்றுங்கள்.

குளிரிலிருந்து எடுத்ததும் நம் காற்றில் முட்டை வியர்க்கும். அந்த ஈரத்தில் ஓட்டின் மேலிருக்கும் கிருமி துளை வழியே உள்ளே போகும். துணியால் துடைக்காதீர்கள். விசிறிக் காற்றில் ஆறேழு மணி நேரம் விட்டு, அறைச் சூட்டுக்கு வந்து உலர்ந்த பிறகே இன்குபேட்டருக்குள் வையுங்கள். கழுவுவதும் கூடாது. லேசான அழுக்கைக் காய்ந்த தேய்ப்பான் கொண்டு தட்டிவிடலாம், எச்சம் அப்பிய முட்டையைச் சமைத்துவிடலாம். அரிய வகை முட்டை, கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் முட்டையை விடச் சூடான, 40 டிகிரிக்குச் சற்று மேலான ஓடும் நீரில் கழுவுங்கள். குளிர்ந்த நீர் பட்டால் உள்ளிருப்பது சுருங்கி அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: பேரங்காடியில் வாங்கும் முட்டையை வைத்தால் பொரியுமா? பிள்ளைகள் கேட்கிறார்கள்.
– வாசகி, ஜார்ஜ்டவுன்

பதில்: பொரியாது. அந்தப் பண்ணைகளில் சேவலே இல்லை. பிள்ளைகளுக்குக் காட்டத்தான் என்றால் காடை முட்டை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் காடை வளர்ப்பவரிடம் ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கும் கூண்டிலிருந்து. 17, 18 நாளில் பொரிந்துவிடும், பிள்ளைகளின் பொறுமைக்கும் அது சரியாக இருக்கும். 14-ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்துங்கள்.

கேள்வி: இன்குபேட்டர் திரையில் எப்போதும் 37.8 காட்டுகிறது. ஆனால் சில குஞ்சு 19-ஆம் நாளே வந்துவிடுகிறது, சில 23-ஆம் நாள் வருகிறது. முந்தி வந்தவற்றின் தொப்புளில் இரத்தம்.
– வாசகர், கெப்பாலா பத்தாஸ்

பதில்: திரை காட்டுவது உணரி தொங்கும் இடத்தின் சூடு. முட்டையின் சூடு வேறாக இருக்கலாம். வீட்டிலிருக்கும் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இந்த அளவில்தான் மிகத் துல்லியமாக இருக்கும், அதையே அளவுகோலாக வையுங்கள். மிட்டாய் வரும் சிறு ஜிப் பையில் தண்ணீர் நிரப்பிக் காற்றில்லாமல் மூடி, முட்டைகளின் நடுவே வையுங்கள். மூன்று மணி நேரம் கழித்துப் பையைத் திறந்து தெர்மாமீட்டரின் முனையை முக்கிப் பாருங்கள். மூலைகளிலும் விசிறியின் அடியிலும் இதையே செய்யுங்கள். விசிறி உள்ள இயந்திரத்தில் எங்கும் 37.5 முதல் 37.8 வர வேண்டும். விசிறி இல்லாத பெட்டியானால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.3 முதல் 38.9 வரை.

19-ஆம் நாள் வந்து தொப்புள் மூடாதது சூடு கூடியதால். 23-ஆம் நாள் வந்தது குளிர்ந்த மூலையில் இருந்ததாகவோ அதிக நாள் சேர்த்து வைத்த முட்டையாகவோ இருக்கலாம். இரண்டும் ஒரே பெட்டியில் என்றால் விசிறியில் பஞ்சும் தூசியும் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 7, 14-ஆம் நாள் வெளிச்சம் பார்க்கும்போது ஓரத்து முட்டையை நடுவுக்கும் நடு முட்டையை ஓரத்துக்கும் மாற்றுங்கள்.

பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இன்குபேட்டருக்குச் சூடாக்க மட்டுமே தெரியும், குளிர்விக்கத் தெரியாது. துத்தநாகக் கூரை போட்ட கொட்டகை மதியம் 37-ஐத் தொட்டால், விளக்கு அணைந்தாலும் முட்டையின் சூடு ஏறிக்கொண்டேதான் போகும்.

ஈரப்பதமானியையும் ஒருமுறை சோதியுங்கள். பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கரையாத அளவுக்குச் சில சொட்டு நீர் விட்டு, மானியோடு ஒரு ஜிப் பையில் இரவு முழுக்க மூடி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 82 காட்டினால் எப்போதும் 7 கழித்துப் படியுங்கள்.

கேள்வி: அடிக்கடி புயல் மழை, கரண்டு போகிறது. சென்ற வாரம் 16-ஆம் நாள் முட்டைக்கு நான்கு மணி நேரம் மின்சாரமில்லை. எல்லாவற்றையும் எறிந்துவிடலாமா?
– வாசகர், சுங்கை பாக்காப்

பதில்: எறியாதீர்கள். நான்கு மணி நேரக் குளிர்ச்சியைப் பெரும்பாலான கரு தாங்கும், பொரிவது சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான். ஈடுகட்டுகிறேன் என்று சூட்டை 39-க்கு ஏற்றாதீர்கள். கொல்வது குளிரை விட அதிகச் சூடுதான். மூன்று நாள் கழித்து வெளிச்சத்தில் பார்த்து, அசைவும் சிவந்த நரம்பும் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்டு போனதும் செய்ய வேண்டியது இயந்திரத்தைப் பொறுத்தது. 48 முட்டைப் பெட்டியானால் மூடியைத் திறக்காமல் மேலே தடித்த துண்டைப் போடுங்கள், காற்றுத் துளையை மட்டும் விட்டுவிடுங்கள். ஆனால் நூற்றுக்கணக்கான முட்டை அடுக்கிய அலமாரி இயந்திரத்தில் 15 நாளுக்கு மேற்பட்ட முட்டை இருந்தால் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். அந்த வயதில் ஒவ்வொரு கருவும் தானே சூட்டை வெளியிடுகிறது. விசிறி நின்றுவிட்டால் அந்தச் சூடு மேல்தட்டில் சேர்ந்து, குளிரும் என்று நீங்கள் பயப்படும் நேரத்தில் அங்கே முட்டை வெந்துகொண்டிருக்கும்.

12 வோல்ட் இணைப்பு உள்ள இயந்திரமானால் ஒரு கார் பேட்டரி போதும். 45 ஆம்பியர் மணி பேட்டரியில் 540 வாட் மணி இருக்கிறது, பாதியைத்தான் எடுக்க வேண்டும். 80 வாட் என்று எழுதிய பெட்டி சராசரியாக அதில் பாதியைத்தான் இழுக்கும் என்று வைத்தால் ஆறேழு மணி நேரம் வரும். கணினிக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ் இதற்கு ஆகாது, சில நிமிடத்தில் கையை விரித்துவிடும்.

கேள்வி: வாத்து முட்டையைக் கோழி முட்டையோடு சேர்த்து வைக்கலாமா?
– வாசகர், நிபோங் திபால்

பதில்: வாத்துக்கு 28 நாள், கோழிக்கு 21. வாத்து முட்டை வைத்து ஏழாம் நாள் கோழி முட்டை வைத்தால் இரண்டும் ஒரே நாளில் பொரியும். கணக்கு சரிதான், ஆனால் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். வாத்து சேற்றில் இடுகிற முட்டை கிருமியோடு வரும். வெடித்தால் நஷ்டம் கோழிக்குத்தான். தவிர, வாத்து முட்டைக்கு எட்டாம் நாளிலிருந்து தினம் ஒருமுறை மூடியைத் திறந்து 15 நிமிடம் ஆறவிட்டு, வெதுவெதுப்பான நீரைப் பனிபோலத் தெளித்தால் நன்றாகப் பொரிகிறது. கோழி முட்டைக்கு அது தேவையில்லை. 25-ஆம் நாள் திருப்புவதை நிறுத்துங்கள். முகத்தில் சிவப்புச் சதை உள்ள சிராத்தி வாத்தானால் 35 நாள். 28-ஆம் நாள் பொரியவில்லை என்று அதைக் குப்பையில் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: சிம்பாங் அம்பாட்டில் சொந்த நிலம் இருக்கிறது. வாரம் 1,000 கம்பத்துக் கோழி முட்டை வைத்துக் குஞ்சு விற்க எண்ணம். எத்தனை இயந்திரம் வேண்டும்? கொட்டகையை எப்படிக் கட்டுவது?
– வாசகர், சிம்பாங் அம்பாட்

பதில்: இயந்திரம் வாங்கும் முன் மாநகர் மன்றத்திலும் கால்நடைச் சேவைத் துறையிலும் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். நிலம் உங்களுடையது என்பதால் மட்டும் அங்கே பொரிப்பகம் நடத்தலாம் என்று ஆகாது.

அடைவைக்கும் இயந்திரமும் பொரிக்கும் இயந்திரமும் தனித்தனியாக இருக்க வேண்டும், இதில் சமரசம் வேண்டாம். பொரியும்போது பறக்கும் மென்மயிரில் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். ஒரே பெட்டியில் ஒரு பக்கம் பொரிந்துகொண்டும் மறுபக்கம் புது முட்டை இருந்துகொண்டும் இருந்தால், மாதா மாதம் பொரிப்பு இறங்கும். காரணம் புரியாமல் தீனி மாற்றுவீர்கள், சேவல் மாற்றுவீர்கள். வாரம் 1,000 வைத்து 18 நாள் அடை என்றால் ஒரே நேரத்தில் மூன்று வாரத்து முட்டை வரை உள்ளே இருக்கும். ஆக அடை இயந்திரம் 3,000 கொள்ள வேண்டும். 1,000 வீதம் மூன்றாக வாங்குவது நல்லது. ஒன்று பழுதானால் ஒரு வாரத்து முட்டைதான் போகும், ஒவ்வொரு வாரமும் ஒன்று காலியானதும் கழுவவும் முடியும். பொரிக்கும் இயந்திரம் 1,000-க்கு ஒன்று போதும்: மூன்று நாள் பொரிக்கும், நான்கு நாள் கழுவிக் காயும்.

கொட்டகையில் ஒரே திசையில் நடை. ஒரு முனையில் முட்டை வாங்கும் அறை, அடுத்து 16 டிகிரி சேமிப்பறை, பிறகு அடை அறை, பொரிப்பு அறை, மறுமுனையில் குஞ்சு அறை. குஞ்சு அறைக்குப் போனவர் அன்று திரும்பி முட்டை அறைக்கு வரக் கூடாது. ஆள் இல்லை, ஒருவர்தான் என்றால் காலையில் முட்டை வேலையை முடித்துவிட்டுப் பிறகு குஞ்சுப் பக்கம் போகட்டும். செருப்பும் மேலங்கியும் அறைக்கு அறை வேறு. குஞ்சு வாங்க வருகிறவர் கடைசி அறைக்கு வெளியிலேயே நிற்கட்டும், அவர் செருப்பில்தான் அவர் வீட்டுக் கோழி நோய் வரும்.

பொரிப்புத் தட்டுகளை முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், பிறகு கிருமிநாசினி, பிறகு முழுமையாக உலர்த்துங்கள். அழுக்கின் மேல் கிருமிநாசினி தெளிப்பது காசைத் தண்ணீரில் விடுவதுதான். பார்மலினில் பர்மாங்கனேட் போட்டுப் புகையூட்டும் பழைய முறையைச் சிலர் சொல்வார்கள். காற்றை உறிஞ்சி வெளியேற்றும் வசதியும் முகக்கவசமும் இல்லாத கொட்டகையில் அது ஆளைத்தான் முதலில் தாக்கும்.

ஒவ்வொரு தொகுதிக்கும் மூன்று எண் எழுதுங்கள்: வைத்த முட்டை, கருமுட்டை, பொரிந்த குஞ்சு. 1,000-இல் 900 கருமுட்டை, அதில் 810 குஞ்சு என்றால் நல்ல வேலை. 810 என்று மட்டும் எழுதிவைத்தால் பழுது கோழிக் கொட்டகையிலா இயந்திரத்திலா என்று தெரியாது. பொரிந்த அன்று ஐம்பது குஞ்சை மொத்தமாக நிறுத்துப் பாருங்கள். ஆரம்ப முட்டை எடையில் மூன்றில் இரண்டு பங்கு வந்தால் சூடும் ஈரமும் சரி. அதற்கும் குறைந்தால் குஞ்சு இயந்திரத்தில் அதிக நேரம் காய்ந்திருக்கிறது. எல்லாம் உலர்ந்து பஞ்சாகும் வரை காத்திருக்காமல், 95 விழுக்காடு உலர்ந்து சிலவற்றின் கழுத்து ஈரமாக இருக்கும்போதே எடுங்கள்.

விற்கும் குஞ்சுக்கு மேரெக்ஸ் என்ற கோழி நோய்க்கான தடுப்பூசியை முதல் நாளே கழுத்துத் தோலுக்கடியில் போட வேண்டும், வாங்கியவர் வீட்டில் போடுவதில் பயனில்லை. நியூகாசல் நோய்க்கு (வெள்ளைக் கழிச்சல்) கண்ணில் சொட்டு. சூட்டைத் தாங்கும் வி4-யுபிஎம் தடுப்பு மருந்து, இப்போது புத்ரா பல்கலைக்கழகமாக இருக்கும் மலேசிய வேளாண் பல்கலைக்கழகத்தில் கம்பத்துக் கோழிகளை மனத்தில் வைத்தே உருவாக்கியது. தீனியில் கலந்தும் கொடுக்கலாம். எதை எப்போது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் அட்டவணையாக எழுதி வாங்குங்கள்.

கடைசியாக ஜெனரேட்டர். 3,000 முட்டைக்கு அது கட்டாயம். வாரம் ஒருமுறை சுமையோடு ஓட்டிப் பார்க்காத ஜெனரேட்டர் தேவைப்படும் அன்று கிளம்பாது.

கேள்வி: காலையில் குஞ்சு ஓட்டில் ஓட்டை போட்டது. பத்து மணி நேரமாகிவிட்டது, கத்துகிறது, வெளியே வரவில்லை. உரித்துவிடலாமா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். கொத்திய பிறகு 12 முதல் 24 மணி நேரம் அது சும்மா இருப்பதுபோலத் தோன்றும். அந்த நேரத்தில்தான் மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது, சவ்விலுள்ள நரம்புகளின் இரத்தத்தையும் உடம்புக்குள் வாங்கிக்கொள்கிறது. இப்போது உரித்தால் இரத்தம் ஒழுகிச் சாகும். மூடியையும் திறக்காதீர்கள். ஒரு தடவை திறந்தால் ஈரம் வடிந்து, கொத்திக்கொண்டிருக்கும் மற்ற குஞ்சுகளின் சவ்வு இறுகிவிடும்.

24 மணி நேரம் தாண்டியும் ஓட்டைச் சுற்றி வெட்டத் தொடங்காமல், தெரியும் சவ்வு காய்ந்து பழுப்பாகிவிட்டது என்றால் மட்டும் உதவலாம். பஞ்சுக் குச்சியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துச் சவ்வை ஈரமாக்கி, காற்றறைப் பக்கத்து ஓட்டை மட்டும் மிளகளவு மிளகளவாக எடுங்கள். ஒரு துளி சிவப்புத் தெரிந்தாலும் நிறுத்திவிட்டு ஆறு மணி நேரம் கழித்து வாருங்கள். வெளியே வந்த குஞ்சுக்கு அவசரமாகத் தீனி வேண்டாம், வயிற்றுக்குள் இழுத்த மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும். எடுத்து வைக்கும் பெட்டியில் முதல் வாரம் 33 முதல் 35 டிகிரி. விளக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு.

கேள்வி: இயந்திரமெல்லாம் வேண்டாம், அடைக்கோழியே போதும். எத்தனை முட்டை வைக்கலாம்?
– வாசகர், பிறை

பதில்: கம்பத்துப் பெட்டைக்குப் பத்து, பெரிய உடம்பானால் பன்னிரண்டு. அடியில் மணல், மேலே வைக்கோல், கொஞ்சம் சாம்பலும் தூவினால் பேன் அடங்கும். இருட்டிய பிறகு வையுங்கள். எல்லா முட்டையையும் ஒரே நாளில் வைத்துப் பென்சிலால் குறியிடுங்கள். குறியில்லாத முட்டை இருந்தால் அது மற்றக் கோழி வந்து இட்டது, தினமும் எடுத்துவிடுங்கள். எலி, உடும்பை எல்லோரும் நினைக்கிறார்கள். எறும்பை மறந்துவிடுகிறார்கள். ஓட்டில் முதல் துளை விழுந்ததும் எறும்பு அந்த வழியே உள்ளே போய் உயிரோடு தின்னும். கூட்டை மேசை மேல் வைத்து நான்கு காலையும் எண்ணெய் கலந்த தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். இன்குபேட்டர் மேசைக்கும் இதுவே.

கேள்வி: செராமா முட்டை 19-ஆம் நாளே பொரிந்தது, தப்பா? இன்னொன்று, கட்டைக்கால் ஜப்பான் பாண்டம் ஜோடி ஒன்றும் வைத்திருக்கிறேன். அவற்றின் முட்டையில் எப்போதும் நாலில் ஒன்று வளராமல் செத்துவிடுகிறது. இன்குபேட்டர் கோளாறா?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: செராமா சின்ன முட்டை, 19 அல்லது 20-ஆம் நாளில் வருவது இயல்பு. 16-ஆம் நாளே திருப்புவதை நிறுத்திவிடுங்கள்.

ஜப்பான் பாண்டத்தில் இன்குபேட்டருக்குப் பங்கில்லை. கட்டைக்காலைத் தரும் மரபணு ஒற்றையாக வந்தால் கால் குட்டையாகும், தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் கரு பெரும்பாலும் முதல் வாரத்திலேயே செத்துவிடும். கட்டைக்காலோடு கட்டைக்கால் சேர்த்தால் நாலில் ஒன்று போகத்தான் செய்யும். அதே வகையில் நெட்டைக்கால் பெட்டை ஒன்றை உங்கள் கட்டைக்கால் சேவலுக்குச் சேருங்கள். குஞ்சில் பாதி கட்டைக்காலாகவும் பாதி நெட்டைக்காலாகவும் வரும், அந்தச் சாவு இருக்காது.